அரசாங்க மருத்துவமனைச் சேவை: அறிவு எங்கே சேர்கிறது, எங்கே சிந்துகிறது

வார்டில் படுத்திருப்பவருக்கு இரவு மாத்திரை கொடுக்கத் தாதி வருகிறார். பெயரைக் கேட்கிறார். அடையாள அட்டை எண்ணையோ பிறந்த தேதியையோ சொல்லச் சொல்கிறார். மணிக்கட்டில் உள்ள பட்டையை ஸ்கேன் செய்கிறார், பிறகு மருந்துப் பொட்டலத்தை ஸ்கேன் செய்கிறார். இரண்டும் ஒத்துப்போனால்தான் மாத்திரை கைக்கு வரும். "காலையிலும் இதையேதானே கேட்டீங்க" என்று பலர் சலித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த ஒரு மாத்திரைக்குப் பின்னால் பெரிய வரிசையே நிற்கிறது: மருத்துவர் கணினியில் பதிந்த மருந்து, அது ஒவ்வாமைப் பட்டியலோடு மோதினால் எழும் எச்சரிக்கை, அளவைச் சரிபார்த்த மருந்தாளர், ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகப் பிரித்த இயந்திரம், கடைசியாக அந்த ஸ்கேன். நம் பெயர்களைப் பொறுத்தவரை இது இன்னும் முக்கியம். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி, மூன்று சுப்பிரமணியம் இருப்பது சர்வசாதாரணம். தந்தை பெயர் எந்தப் பக்கம் வருகிறது என்பதில் பழைய பதிவுக்கும் புதிய பதிவுக்கும் வேறுபாடு இருக்கும். எண்ணைக் கேட்காமல் பெயரை மட்டும் நம்பினால் தவறு நடக்க ஒரு நொடி போதும்.

இந்த விமர்சனத்தில் கட்டடம், உணவு, கார் நிறுத்துமிடம் எதுவும் வராது. சிங்கப்பூர் அரசாங்க மருத்துவமனைகள் தங்களுக்குத் தெரிந்ததை எப்படிச் சேர்த்து வைக்கின்றன, எப்படிக் கைமாற்றுகின்றன, அதனால் நோயாளிக்கு என்ன கிடைக்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம். மேலாண்மைத் துறையில் இதை அறிவுசார் மூலதனம் என்பார்கள். ஸ்வீடனின் ஸ்காண்டியா காப்புறுதி நிறுவனம் 1994ஆம் ஆண்டறிக்கையோடு இதற்கென்றே தனி இணைப்பு வெளியிட்ட பிறகு இந்தப் பேச்சு பரவலானது. மூன்று பங்காகப் பிரிப்பது வழக்கம். ஊழியரின் தலையிலும் கையிலும் இருப்பது மனித மூலதனம். அவர் வேலை முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் மருத்துவமனையில் தங்கிவிடும் பதிவேடு, நடைமுறை, மென்பொருள் எல்லாம் கட்டமைப்பு மூலதனம். நோயாளி, குடும்பம், குடும்ப மருத்துவர் ஆகியோரோடு உள்ள தொடர்பும் நம்பிக்கையும் உறவு மூலதனம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கட்டமைப்பு வலுவாக இருக்கிறது, மனித வளம் தரமானது ஆனால் கையைவிட்டு நழுவக்கூடியது, உறவில்தான் நிறைய வேலை பாக்கி. தமிழ் மட்டுமே பேசும் முதியவர்கள் அந்தப் பாக்கியைத் தினமும் உணர்கிறார்கள்.

பதிவேட்டிலிருந்து தொடங்குவோம். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு 2011ல் தொடங்கியது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது எழுதிய சுருக்கம், மருந்துகள், ஒவ்வாமை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், எக்ஸ்ரே அறிக்கை, தடுப்பூசி விவரம் ஆகியவை அதில் சேர்கின்றன. பொதுமக்களுக்கான முகப்பு 2015ல் வந்த ஹெல்த்ஹப் செயலி. அரசாங்கத்தின் மின்னியல் அடையாளமான சிங்பாஸ் மூலம் உள்ளே போனால் சந்திப்பு நேரம், பரிசோதனை முடிவு, மருந்து மீண்டும் கேட்பது, கட்டணம் செலுத்துவது எல்லாம் ஒரே இடத்தில் முடிகின்றன. அம்மா அப்பாவின் கணக்கில் பிள்ளைகள் பராமரிப்பாளராக இணைந்துகொள்ளலாம். இந்த வசதியைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. பெற்றோரின் சிங்பாஸ் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொள்வதைவிட இதுவே பாதுகாப்பானது, முறையானதும்கூட.

பதிவேட்டில் என்ன இல்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது முழு மருத்துவக் குறிப்பு அன்று, சுருக்கம். சிங்ஹெல்த், தேசிய சுகாதாரப் பராமரிப்புக் குழுமம், தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் கட்டமைப்பு என மூன்று குழுமங்கள் இருக்கின்றன. மூன்றும் ஒரே கணினி முறையில் இயங்கவில்லை. ஒரு குழுமத்தின் மருத்துவமனையில் இருதயத்துக்கும் மற்றொன்றில் சிறுநீரகத்துக்கும் போகிறவரைப் பற்றிச் சிறப்பு மருத்துவர்கள் விரிவாக எழுதிய குறிப்பு அப்படியே மறுபக்கம் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. தனியார் மருந்தகங்களுக்கும் (கிளினிக்) பதிவேட்டில் விவரம் சேர்ப்பது பல ஆண்டுகள் விருப்பத்தைப் பொறுத்த விஷயமாகவே இருந்தது. ஆகவே வீட்டருகே உள்ள மருத்துவர் பத்து வருடமாகக் கொடுத்த மருந்துகள் பதிவில் இல்லாமல் போயிருக்கலாம். சிராங்கூன் சாலைக் கடையில் வாங்கிய சூரணமும் ஊரிலிருந்து வந்த லேகியமும் எந்தக் கணினியிலும் ஏறுவதில்லை. சில ரச மருந்துகளில் ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன. காரணம் புரியாத ரத்தசோகையும் வயிற்று வலியும் அப்படிக்கூட வரலாம். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது நல்லது. பாட்டிலையே கொண்டுபோய்க் காட்டுவது அதைவிட நல்லது.

இவ்வளவையும் ஓரிடத்தில் குவித்தால் திருடனுக்கும் ஓரிடத்தில் கிடைக்கும். 2018ல் சிங்ஹெல்த் தரவுத்தளத்துக்குள் ஊடுருவியவர்கள் 15 லட்சம் நோயாளிகளின் சொந்த விவரங்களையும், அவர்களில் சுமார் 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்து விவரங்களையும் எடுத்துச் சென்றார்கள். அடுத்த ஆண்டு சிங்ஹெல்த்துக்கு 250,000 வெள்ளியும் அதன் தகவல் தொழில்நுட்பத்தைக் கவனித்த நிறுவனத்துக்கு 750,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டது. சம்பவத்துக்குப் பிறகு பொது மருத்துவமனை ஊழியர்களின் கணினிகளிலிருந்து இணையம் துண்டிக்கப்பட்டது. பாதுகாப்புக்கு அது அவசியமாக இருந்தது. அதனால் ஊழியர்களின் வேலை மெதுவானதும் உண்மை. மருத்துவர் ஒரு சந்தேகத்தைத் தேட வேறு கணினிக்கு நடக்க வேண்டியிருந்தால் அந்த நேரம் நோயாளியின் நேரத்திலிருந்துதான் கழிகிறது.

கட்டமைப்பு மூலதனத்தின் சிறந்த பகுதி, எங்கள் கணிப்பில், பட்ட அடியை நடைமுறையாக மாற்றும் பழக்கம். 2003ல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் வந்தபோது சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றியது, 33 பேர் இறந்தார்கள். டான் டோக் செங் மருத்துவமனைதான் சார்ஸ் மருத்துவமனையாக ஒதுக்கப்பட்டது. ஊழியர்களைக் குழுக்களாகப் பிரித்து ஒரு குழு மற்றதோடு கலக்காமல் வைப்பது, காய்ச்சல் பார்ப்பது, முகக்கவசம் முகத்தில் சரியாகப் பொருந்துகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சோதிப்பது ஆகியவை அன்று கற்ற பாடங்கள். அவை யாரோ சிலரின் நினைவில் மட்டும் இருந்திருந்தால் பதினேழு வருடத்தில் அந்த ஆட்களோடு ஓய்வு பெற்றுப் போயிருக்கும். எழுதி வைத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், 330 படுக்கை கொண்ட தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்தை 2019ல் திறந்தார்கள். சில மாதங்களில் கொவிட் வந்தது.

அறிவு துண்டு துண்டாகக் கிடந்து ஒன்று சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இங்கேயே உண்டு. 2015ல் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் சிறுநீரக வார்டில் 25 நோயாளிகளுக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி கிருமி தொற்றியது. சுயேச்சை மறுஆய்வுக் குழு கிருமிக் கட்டுப்பாட்டில் இருந்த குறைகளைச் சுட்டியது. தொற்று பரவுவதை அடையாளம் கண்டு மேலிடத்துக்குச் சொல்வதில் ஏற்பட்ட தாமதத்தையும் சுட்டியது. ஆய்வகத்துக்கு ஒரு முடிவு தெரியும், வார்டுக்கு இன்னொன்று தெரியும், சிறப்பு மருத்துவருக்கு வேறொன்று தெரியும். மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்று முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும். அந்த அறிக்கை மூடி மறைக்கப்படாமல் பொதுவில் வெளியானதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். தவறைப் பேச அனுமதிக்காத மருத்துவமனையில் எவ்வளவு பெரிய நிபுணர் இருந்தாலும் அடுத்தவருக்கு எதுவும் போய்ச் சேராது.

நீரிழிவுக்காரர்களின் கண் பரிசோதனையில் இந்த மூலதனம் மிக நன்றாக உழைக்கிறது. சிங்கப்பூரில் நீரிழிவு விகிதம் இந்தியர்களிடையே அதிகம் என்பதால் நமக்கு நேரடியாகப் பயன்படும் சேவை இது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். முன்பு அந்தப் படத்தை மருந்தக மருத்துவரே பார்த்து முடிவு சொல்வார், கிடைத்த நேரத்தில், அவருக்கு இருக்கும் பத்து வேலைக்கு நடுவே. 2010ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் படம் மின்னியல் முறையில் ஒரு மையத்துக்குப் போகிறது. அங்கே இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் நாள் முழுதும் இதை மட்டுமே பார்க்கிறார்கள். வாரக்கணக்கில் காத்திருந்த முடிவு ஒரு மணி நேரத்துக்குள் வரும் நிலை உருவானது. ஆயிரக்கணக்கான படங்களைத் தரம் பிரித்த அந்த அனுபவத்தை வைத்துத்தான் சிங்கப்பூர்த் தேசியக் கண் நிலைய ஆய்வாளர்களும் தேசியப் பல்கலைக்கழகக் கணினியியலாளர்களும் செலினா பிளஸ் என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருளை உருவாக்கினார்கள். மனிதரின் கண் கற்றது மென்பொருளாக மாறி, அடுத்த படத்தைப் பார்க்க உதவுகிறது. வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் போங்கள். பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் நான்கு முதல் ஆறு மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். அன்று வண்டி ஓட்டக் கூடாது, குளிர்கண்ணாடி கொண்டுபோவது நல்லது. பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது என்று தள்ளிப்போடுவது பெரிய தவறு. விழித்திரைச் சேதம் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது.

மனித மூலதனத்துக்கு வருவோம். 2018 முதல், தனிப் பயிற்சி முடித்த மேம்பட்ட தாதிகளும் மருந்தாளர்களும் மருத்துவர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி குறிப்பிட்ட மருந்துகளை எழுதிக் கொடுக்கலாம். "டாக்டரைப் பார்க்க வந்தேன், தாதியைக் கொண்டு முடித்துவிட்டார்கள்" என்று குறைப்பட வேண்டாம். நாள்பட்ட நோயைக் கவனிப்பதில் இவர்கள் கொடுக்கும் நேரமும் பொறுமையும் பல சமயம் கூடுதல். தாதிகளைத் தக்கவைக்க 2024ல் அறிவித்த ஏஞ்சல் திட்டம், பொது மருத்துவத் துறையில் நீண்டகாலம் பணிபுரிபவருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை தருகிறது. வரவேற்கிறோம். பத்து வருட அனுபவமுள்ள தாதி விலகினால் போவது ஒரு சம்பளக் கணக்கு மட்டும் இல்லை. எந்த நோயாளியின் முகம் வெளுத்தால் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும் என்ற பார்வையும் அவரோடு போய்விடும்.

பணி மாறும் வேளையில் ஒரு தாதி அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது நான்கு தலைப்பில் பேசப் பழக்குகிறார்கள்: இப்போதைய நிலைமை, பின்னணி, தன் மதிப்பீடு, பரிந்துரை. ஒப்படைப்பு நடக்கும் அரை மணி நேரத்தில் போய்க் கேள்வி கேட்டால் அரைகுறைப் பதில்தான் கிடைக்கும். மருத்துவரிடம் கேட்க வேண்டியதைக் காலைச் சுற்றுக்கு முன்பே தாளில் எழுதித் தாதியிடம் கொடுத்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் எங்களுக்குக் கடுமையான மனக்குறை உண்டு. தமிழ் தெரிந்த தாதியோ துப்புரவு ஊழியரோ பக்கத்துப் படுக்கைக்காரரோ அந்த நேரத்தில் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் பேரப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைப்பார்கள். பேரப்பிள்ளை தாத்தாவுக்குப் புற்றுநோய் என்ற சொல்லை விழுங்கிவிடுவான். பக்கத்துப் படுக்கைக்காரர் தன் கருத்தையும் சேர்த்துச் சொல்வார். மாதவிடாய், சிறுநீர், மனச்சோர்வு பற்றிய கேள்விகளுக்கு மகன் முன்னால் அம்மா உண்மையைச் சொல்ல மாட்டார். ஒரு மருத்துவமனையின் தமிழறிவு யார் எந்த ஷிஃப்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்திருந்தால் அது இன்னும் கட்டமைப்பாக மாறவில்லை என்றுதான் பொருள். சந்திப்பு நாளில் முகப்பில் கேட்பது தாமதம். சந்திப்பைப் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பு வேண்டும் என்று சொல்லிக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள்.

உறவு மூலதனத்தில் நல்ல முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. 2023 ஜூலையில் வந்த ஹெல்தியர் எஸ்ஜி திட்டம், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை ஒரே குடும்ப மருத்துவரோடு இணைக்கிறது. சிங்ஹெல்த் 2016ல் ஸ்வீடனிலிருந்து எடுத்துக்கொண்ட எஸ்தர் கட்டமைப்பு, "எஸ்தருக்கு எது முக்கியம்?" என்ற கேள்வியிலிருந்து பராமரிப்பைத் திட்டமிடச் சொல்கிறது; எஸ்தர் என்பது பல பராமரிப்புத் தேவைகள் உள்ள நோயாளியைக் குறிக்கும் பெயர். 2024 ஏப்ரலிலிருந்து வழக்கமான சேவையாகிவிட்ட வீட்டிலேயே உள்நோயாளிப் பராமரிப்பில், தோல் தொற்று, சிறுநீர்த் தொற்று போன்றவற்றுக்குத் தாதி வீட்டுக்கே வந்து நரம்பு வழி மருந்து ஏற்றுகிறார், மருத்துவர் காணொளியில் பார்க்கிறார். வார்டில் படுத்தால் பயன்படும் மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் இதற்கும் பயன்படும். இந்த வீட்டுப் பராமரிப்பில் பிசகுவது பெரும்பாலும் ரத்த அழுத்தம் அளப்பது. ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சட்டைக் கை மேல் சுற்றுகிறார்கள், பேசிக்கொண்டே அளக்கிறார்கள், கையைத் தொங்கவிடுகிறார்கள். மூன்றுமே எண்ணைக் கூட்டிக் காட்டும். முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல் வைத்து, வெறும் தோல் மேல் சுற்ற வேண்டும். வீட்டில் அளப்பவர் பணிப்பெண் என்றால் தாதி சொல்லிக் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்க வேண்டியவரும் அவரே.

எல்லாவற்றையும்விட அதிகம் அறிவு சிந்துவது வீடு திரும்பும் நாளில். படுக்கை வேறொருவருக்குத் தேவை, வண்டி கீழே நிற்கிறது, மருந்துப் பை வருகிறது, பத்து நிமிடத்தில் எல்லாம் சொல்லி முடிக்கிறார்கள். "புரியுதா?" என்று கேட்டால் நம் பெரியவர்கள் தலையாட்டுவார்கள். மருத்துவரிடம் புரியவில்லை என்று சொல்வதை மரியாதைக் குறைவாக நினைப்பவர்கள் அவர்கள். கேட்டதை நோயாளியே தன் வாயால் திருப்பிச் சொல்லும் முறை உலகெங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. தாதிக்கு நேரம் இல்லாவிட்டால் நீங்களே அதைச் செய்யுங்கள்: "காலையில இதில ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இதில பாதி, சரிதானா?"

அடிக்கடி நடக்கும் தவறு இது. மருத்துவமனை கொடுத்த பெட்டியில் ஒரு வணிகப் பெயர் இருக்கும், பலதுறை மருந்தகம் கொடுத்ததில் அம்லோடிபின் என்றே இருக்கும். இரண்டும் ஒரே ரத்த அழுத்த மருந்து. பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு தலைசுற்றி விழுகிறார்கள். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் மருந்தாளரிடம் கொட்டிக் காட்டுங்கள். நிறுத்த வேண்டியவற்றின் மேல் பேனாவால் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களிடம் கீரை கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் உண்டு. முருங்கைக் கீரையில் வைட்டமின் கே அதிகம் என்பது சரி. ஆனால் தேவையானது ஒரே சீரான அளவு. வாரத்துக்கு இரண்டு நாள் என்றால் எப்போதும் இரண்டு நாள். திடீரென்று நிறுத்தினாலும் ரத்தம் உறையும் அளவு மாறும். தைப்பூச விரதமும் நோன்பும் இருப்பவர்கள் கிளிக்லாசைடு, கிளிபிசைடு போன்ற நீரிழிவு மாத்திரைகளோ இன்சுலினோ எடுத்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் அளவைப் பேசி மாற்ற வேண்டும். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால் விரதத்தை விட்டுவிட்டு மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி அளக்க வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகக் கிடக்கும் நாளில் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையைத் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா என்பதை வீடு திரும்பும் நாளிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைகளிடம் நாங்கள் கேட்பது செலவு பிடிக்காத ஒன்று. கேட்பவர்களுக்கு மருந்து அட்டவணையைத் தமிழில் ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுங்கள். காலைப் பசியாறல், மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு, படுக்கும் முன் என நான்கு கட்டம். ஒவ்வொரு வரியிலும் மாத்திரையின் நிறமும் வடிவமும், எதற்காக என்பது ஒரு சொல்லில்: பிரஷர், சர்க்கரை, கொழுப்பு. அடியில் 'நிறுத்தியவை' என்று தனிக் கட்டம். அதற்குக் கீழே, இரவு பத்து மணிக்குச் சந்தேகம் வந்தால் அழைக்க ஒரு தொலைபேசி எண்.